காலையில் போக, மாலையில் வர: திசை மாறும் சாலைத் தடங்கள்

ஒரே சாலைத் தடம் காலையில் ஊருக்குள் வரும் வண்டிகளுக்கும் மாலையில் ஊரைவிட்டுப் போகும் வண்டிகளுக்கும் திறந்துவிடப்படுவதைத் திசை மாறும் தடம் என்பார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இதைக் கடலின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டுப் பெயரிட்டிருக்கிறார்கள். சீன மொழியிலும் இதற்குப் பெயர் 'ஏற்றவற்றத் தடம்' என்றே பொருள்படும். பொருத்தமான ஒப்புமைதான். அலுவலகங்கள் ஓரிடத்திலும் வீடுகள் வேறிடத்திலும் குவிந்துள்ள நகரங்களில், காலை எட்டு மணிக்குச் சாலையின் ஒரு பாதி நிரம்பி வழிய, மறுபாதி காலியாகக் கிடக்கும். மாலை ஆறு மணிக்கு இது அப்படியே தலைகீழாகும். காலியாகக் கிடக்கும் பாதியிலிருந்து ஒரு தடத்தைக் கடன் வாங்கி, நெரிசல் தீர்ந்ததும் திருப்பிக் கொடுக்கலாமே என்ற எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு இது.

கடன் எப்போது கட்டுபடியாகும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஆறு தடச் சாலை ஒன்றில் நெரிசல் நேரத்தில் மணிக்கு 6,000 வண்டிகள் ஓடுவதாகவும், அவற்றில் 65 சதவீதம் ஒரே திசையில் போவதாகவும் வைத்துக்கொள்வோம். அந்தத் திசையில் 3,900 வண்டிகள், எதிரே 2,100. தடங்களை மூன்றுக்கு மூன்றாகப் பிரித்தால் நெரிசல் பக்கத்தில் ஒரு தடத்துக்கு 1,300 வண்டிகள் விழும், எதிர்ப்பக்கத்தில் 700தான். நான்குக்கு இரண்டாக மாற்றினால் ஒரு தடத்துக்கு 975, எதிரே 1,050 என்று இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகிவிடும். அமெரிக்கச் சாலைப் பொறியாளர்களின் வடிவமைப்புக் கையேடு, போக்குவரத்தில் 65 சதவீதமாவது ஒரே திசையில் போனால்தான் இந்த ஏற்பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

அதே கணக்கை நான்கு தடச் சாலையில் போட்டால் விடை வேறு. மணிக்கு 4,000 வண்டிகளில் 2,600 ஒரு பக்கம், 1,400 மறுபக்கம். தடங்களை மூன்றுக்கு ஒன்றாக மாற்றினால் நெரிசல் பக்கத்தில் ஒரு தடத்துக்கு 867 ஆகக் குறையும். ஆனால் எதிரே மிஞ்சும் ஒற்றைத் தடத்தில் 1,400 வண்டிகளும் முட்டிக்கொண்டு நிற்கும். நெரிசல் தீராது, பக்கம் மட்டும் மாறும். அந்த ஒற்றைத் தடத்தில் ஒரு வண்டி பழுதாகி நின்றாலோ, பேருந்து நிறுத்தத்தில் நின்றாலோ பின்னால் வருபவர்களுக்கு வழியே இல்லை. அதனால்தான் சிறுபான்மைத் திசைக்கு இரண்டு தடமாவது மிஞ்ச வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் பொது விதியாகக் கொள்கிறார்கள். வான்கூவரின் லயன்ஸ் கேட் பாலம் இந்த விதிக்கு விலக்கு. 1938இல் திறக்கப்பட்ட அந்தத் தொங்கு பாலத்தில் இருப்பதே மூன்று தடங்கள்தான். நடுத்தடம் எந்தப் பக்கத்தில் வரிசை நீள்கிறதோ அந்தப் பக்கத்துக்குக் கொடுக்கப்படுகிறது. மறுபக்கம் ஒற்றைத் தடத்தோடு சமாளிக்கிறது. பாலத்தில் கடைகளும் குறுக்குச் சாலைகளும் இல்லை என்பதால் அது அங்கே ஓரளவு நடக்கிறது.

இந்த முறை புதியதன்று. 1928லேயே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தெரு ஒன்றில் தடங்களை நடுக்கோட்டிலிருந்து நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள். கார்கள் பெருகி, சாலையை அகலப்படுத்த இடமோ பணமோ இல்லாமல் போன இடங்களிலெல்லாம் இது தலைகாட்டியது. பாலங்களிலும் சுரங்கப் பாதைகளிலும் இது வேரூன்றியதற்குக் காரணம் வெளிப்படை: தெருவை அகலப்படுத்த நாலு கட்டடங்களை இடித்தால் போதும், பாலத்தை அகலப்படுத்த இன்னொரு பாலமே கட்ட வேண்டும். சிட்னி துறைமுகப் பாலம் 1932இல் திறக்கப்பட்டபோது அதன் கிழக்கு ஓரத்தில் டிராம் ஓடியது. 1958இல் டிராம் நின்றதும் அந்த இடம் இரண்டு சாலைத் தடங்களாயிற்று. இன்று எட்டுத் தடங்களில் நடுவிலுள்ள 3, 4, 5ஆம் தடங்கள் தலைக்கு மேலுள்ள விளக்குகளின் சொற்படி திசை மாறுகின்றன.

விளக்குகளின் மொழி உலகம் முழுக்க ஏறத்தாழ ஒன்றே. 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை அதை வகுத்துக் கொடுத்தது. தடத்துக்கு நேர் மேலே சிவப்புப் பெருக்கல் குறி எரிந்தால் அதில் நுழையக் கூடாது. கீழ்நோக்கிய பச்சை அம்பு எரிந்தால் போகலாம். அமெரிக்காவில் திசை மாறும் தடத்தின் இருபுறமும் விட்டுவிட்டு வரைந்த மஞ்சள் இரட்டைக் கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் உள்ளூர்க்காரருக்கு விஷயம் புரிந்துவிடும். வெளியூர்க்காரருக்குப் புரியுமா என்பது வேறு கேள்வி.

திசையை மாற்றும் அந்தச் சில நிமிடங்கள்தான் முழு ஏற்பாட்டிலும் நுட்பமானவை. ஒரு பக்கத்துப் பச்சையை அணைத்து மறுபக்கத்துப் பச்சையை உடனே ஏற்றிவிட முடியாது. முதலில் அந்தத் தடத்தில் இரு பக்கமும் சிவப்பு எரிய வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் கடைசி வண்டி வெளியேறும்வரை தடம் காலியாகக் காத்திருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டர் பாலத்தை 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஒன்றரை நிமிடம் பிடிக்கும். வண்டிகள் ஊர்ந்தால் அது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகலாம். நடுவில் ஒரு வண்டி நின்றுபோயிருந்தால் கேமராவோ ரோந்து வண்டியோ பார்த்துச் சொன்ன பிறகே எதிர்த்திசைக்குப் பச்சை. இந்தக் காத்திருப்பில் ஒரு தடத்தின் கொள்ளளவு யாருக்கும் பயன்படாமல் வீணாகிறது. ஆகவே ஒரு நாளில் பலமுறை மாற்றுவது லாபமில்லை. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, அதற்குப் பின் இயல்பு நிலைக்குத் திரும்புதல் என்பதே நடைமுறை.

பர்மிங்காம் நகர மையத்தை எம்-6 நெடுஞ்சாலையோடு இணைக்கும் ஆஸ்டன் விரைவுச் சாலை 1972இல் திறக்கப்பட்டது. அதில் ஏழு தடங்கள். நடுவே தடுப்புச் சுவர் கிடையாது. காலையில் நகருக்குள் நான்கு, வெளியே இரண்டு, மாலையில் மறுதலை. மீதமுள்ள ஒரு தடம் எப்போதும் இரு திசைக்கும் நடுவே காலியாக விடப்படுகிறது. மற்ற நேரங்களில் மூன்றுக்கு மூன்று, நடுவே ஒன்று காலி. ஏழில் ஒன்றை இப்படி வெறுமனே விட்டுவைப்பது பார்ப்பவருக்கு ஊதாரித்தனமாகத் தோன்றும். ஆனால் நேருக்கு நேர் பாயும் இரு வரிசைகளுக்கு நடுவே வேறு காப்பு எதுவும் இல்லாத இடத்தில், அந்த வெற்றுத் தடமே தடுப்புச் சுவரின் வேலையைச் செய்கிறது. விளக்குகளை மட்டும் நம்பும் ஏற்பாடுகளில் பாதுகாப்புக்கு உரிய விலையை ஒளிக்காமல் கொடுத்தது இதுதான்.

அந்த விலையைக் கொடுக்க இடமில்லாத பாலங்கள் அரை நூற்றாண்டு காலம் அச்சத்தோடு வாழ்ந்தன. 1937இல் திறக்கப்பட்ட சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் நடைபாதை விளிம்புகளுக்கு இடையே 62 அடிதான் அகலம். அதில் ஆறு தடங்கள். தடத்துக்கு ஏறத்தாழ 10 அடி. 1963 அக்டோபரில் அங்கே திசை மாற்றம் தொடங்கியது. காலையில் நகரை நோக்கி நான்கு தடங்கள், எதிரே இரண்டு. இரு திசைகளையும் பிரித்தவை முழங்கால் உயரத்து மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்கள். மெல்ல நகரும் லாரியிலிருந்து தொழிலாளர்கள் குனிந்து, பாலத்தின் தரையிலுள்ள குழிகளிலிருந்து ஒவ்வொரு குழாயாக உருவி, பக்கத்துத் தட எல்லையிலுள்ள குழிகளில் செருகிக்கொண்டே போவார்கள். அவர்களை உரசிக்கொண்டு கார்கள் ஓடிக்கொண்டிருக்கும். பாலத்தின் நீளம் 2.7 கிலோமீட்டர், இந்த வேலை மழையிலும் பனிமூட்டத்திலும் நாள்தோறும் நடந்தது. ஓட்டுநர் ஒரு நொடி கண்ணயர்ந்தால் எதிரே வரும் வண்டியைத் தடுக்க அந்தக் குழாயால் ஆகாது. நேருக்கு நேர் மோதல்களில் பல உயிர்கள் போயின. தடுப்புச் சுவர் வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகள் ஒலித்தது. வழக்கமான சுவரை வைத்தால் தடங்கள் மேலும் ஒடுங்கிவிடும் என்பதே தடையாக இருந்தது.

விடை, இடம்பெயரும் தடுப்பு வடிவில் வந்தது. கான்கிரீட் கட்டைகளைச் சங்கிலிபோல் ஊசிகளால் கோத்து வரிசையாக நிறுத்துகிறார்கள். கட்டை ஒன்றின் எடை முக்கால் டன்னை ஒட்டியிருக்கும். மாற்றும் நேரம் வந்ததும் ஒரு பெரிய வண்டி அந்த வரிசையின்மேல் ஏறி நின்றாற்போல் வரும். அதன் வயிற்றுக்கடியில் எஸ் எழுத்துபோல் வளைந்த உருளைப் பாதை ஒன்று இருக்கிறது. முன்பக்கம் கட்டைகள் தரையிலிருந்து சற்றே தூக்கப்பட்டு, அந்த வளைவில் நழுவி, பின்பக்கம் ஒரு தடம் தள்ளி இறக்கப்படுகின்றன. ஜிப் பூட்டுவதைப் போன்ற காட்சி. அமெரிக்கர்கள் அதையே பெயராகவும் வைத்துக்கொண்டார்கள். வண்டி ஒருமுறை கடந்து போனால் சுவரே இடம் மாறிவிட்டிருக்கும். சங்கிலி எந்த இடத்திலும் அறுபடுவதில்லை. மாற்றம் நடக்கும்போதும் இரு பக்கத்து வண்டிகளும் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

ஆக்லாந்து துறைமுகப் பாலம் இதை 1990லேயே ஏற்றுக்கொண்டது. 1959இல் நான்கு தடங்களோடு திறக்கப்பட்ட அந்தப் பாலம் பத்தே ஆண்டுகளில் போதாமற் போய், ஜப்பானில் செய்த இரண்டு பக்கச் சேர்க்கைகளை 1969இல் ஒட்டிக்கொண்டு எட்டுத் தடமானது. வெறும் விளக்குகளை நம்பி நடந்த திசை மாற்றத்தில் நேர்ந்த கடுமையான மோதல்களே அங்கே சுவரைக் கொண்டுவந்தன. கோல்டன் கேட் 2015 ஜனவரிவரை காத்திருந்தது. ஒரு அடி அகலமே உள்ள, எஃகு உறை போர்த்திய கட்டைகள் கிடைத்த பிறகு, ஒரு வார இறுதியில் பாலத்தை மூடிச் சுவரை நிறுவினார்கள். நுட்பம் கைக்கெட்டிய பிறகும் பாலங்கள் பல ஆண்டுகள் பிளாஸ்டிக் குழாய்களோடு காலந்தள்ளியது பொறியியலின் குறையன்று. பணத்துக்கும் உயிருக்கும் இடையே நடந்த நீண்ட பேரத்தின் விளைவு அது.

இதற்கு முன்பே சிகாகோ வேறொரு வழியைத் தேடியது. ஏரிக்கரைச் சாலையில் தடங்களுக்கிடையே தரைக்குள் புதைந்த இரும்புத் தடுப்புகளை நீரழுத்த விசையால் மேலே எழுப்பியும் கீழே இறக்கியும் எட்டுத் தடங்களை ஆறுக்கு இரண்டாகப் பிரித்தார்கள். மிச்சிகன் ஏரியோரத்துப் பனியும் சாலையில் தூவிய உப்பும் அந்த இயந்திரங்களைத் தின்றுவிட்டன. பின்னாளில் அதே நகரம் கென்னடி விரைவுச் சாலையில் நடுவே தனிச் சாலையாகவே திசை மாறும் தடங்களை அமைத்து, நுழைவாயில்களில் வரிசையாகக் கதவுகளைப் போட்டது. சியாட்டிலின் ஐ-5 நெடுஞ்சாலையிலும் இதே அமைப்புதான். இரு பக்கமும் சுவர் கட்டிய தனிச் சாலையில் தவறான திசையில் நுழைய வாயில் ஒன்றே வழி. அதைப் பூட்டிவிட்டால் போதும். பாதுகாப்பில் இதற்கு நிகர் வேறில்லை. ஆனால் இதற்குக் கட்டும்போதே இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். இருக்கும் சாலையைக் கொண்டு சிக்கனமாகச் சமாளிப்பது என்ற மூல நோக்கம் இதில் இல்லை.

பாலத்தையும் விரைவுச் சாலையையும் விட்டு, கடைகளும் வீடுகளும் உள்ள நகரத் தெருவுக்கு வரும்போது கதை மாறுகிறது. தெருவில் வண்டிகள் திரும்ப வேண்டும். எதிர்ப் போக்குவரத்தை வெட்டிக்கொண்டு திரும்பும் வண்டி, அதாவது நம் ஊரில் வலப்பக்கமும் அமெரிக்காவில் இடப்பக்கமும் திரும்புவது, நடுத்தடத்தில்தான் காத்திருக்கும். நடுத்தடமே திசை மாறும் தடமானால் அந்த வண்டிக்கு நிற்க இடமில்லை. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 7ஆவது அவென்யூ, 7ஆவது தெரு ஆகியவற்றின் நடுத்தடம் காலையில் தெற்கே, மாலையில் வடக்கே, மற்ற நேரங்களில் இரு பக்கத்தவரும் திரும்பக் காத்திருக்கும் இடம். ஒரே தடத்துக்கு நாளில் மூன்று பொருள். நெரிசல் நேரத்தில் முக்கியச் சந்திப்புகளில் இடப்பக்கம் திரும்பத் தடை. உள்ளூர் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'தற்கொலைத் தடம்'.

நடந்து போகிறவர் நிலை இதைவிட மோசம். திசை மாறும் தடம் உள்ள தெருவில் சென்டர் மீடியன் கட்ட முடியாது. பாதி தூரம் வந்து மூச்சுவிட்டு நிற்க ஒரு திட்டு கிடையாது. ஐந்து, ஆறு தடங்களையும் ஒரே ஓட்டத்தில் கடக்க வேண்டும். முதல் பாதியில் ஒரு பக்கம், இரண்டாம் பாதியில் மறுபக்கம் பார்ப்பது சிறுவயதிலிருந்து பழகிய பழக்கம். நடுத்தடத்தில் வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதைக் கடிகாரம் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதியவரையும் பள்ளிப் பிள்ளையையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவராமல் ஒரு தடம் மணிக்கு எத்தனை வண்டிகளைக் கூடுதலாகக் கடத்தியது என்று மட்டும் எழுதும் அறிக்கைகள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன.

வாஷிங்டனின் கனெக்டிகட் அவென்யூ இதற்குப் பல பத்தாண்டுச் சாட்சி. ஆறு தடத் தெரு, காலையில் நகர மையத்தை நோக்கி நான்கு, எதிரே இரண்டு, மாலையில் மறுதலை. தெருவோரப் பலகையில் எழுதிய நேரங்களே அறிவிப்பு. இருபுறமும் குடியிருப்புகள், கடைகள், நூலகம், உயிரியல் பூங்கா. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் போக்குவரத்து வற்றியபோது திசை மாற்றத்தை நிறுத்தினார்கள். பிறகு அதை மீண்டும் தொடங்கவில்லை; நகர நிர்வாகம் நிரந்தரமாகவே கைவிட்டது. டொரண்டோவில் ஜார்விஸ் தெரு எதிர்வழியில் போனது. அதன் ஐந்தாவது தடமான திசை மாறும் தடத்தை எடுத்துவிட்டு 2010இல் சைக்கிள் தடங்களை அமைத்தார்கள். மாநகர ஆட்சி மாறியதும் மன்றம் மறுமுடிவெடுத்தது. 2012 நவம்பரில் சைக்கிள் கோடுகளை அழித்துத் திசை மாறும் தடத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு தெருவின் நடுத்தடம் யாருக்குச் சொந்தம்? தெருவில் வாழ்பவர்களுக்கா, அதன் வழியே கடந்து போகிறவர்களுக்கா? இந்தக் கேள்வியைப் பொறியாளரின் எண்கள் தீர்ப்பதில்லை, வாக்குகள்தாம் தீர்க்கின்றன.

தடத்தை அன்றி முழுச் சாலையையும் திருப்பிவிடுவதும் உண்டு. வாஷிங்டனின் ராக் கிரீக் பூங்காச் சாலை வேலை நாட்களில் காலையில் முழுவதும் நகரை நோக்கி ஒருவழி. மாலையில் முழுவதும் வெளிநோக்கி ஒருவழி. கொல்கத்தாவில் ஒருவழிச் சாலைகள் பலவற்றின் திசை மதியத்தை ஒட்டி மாறுகிறது. எதிரெதிர் வண்டிகள் ஒரே நேரத்தில் சாலையில் இல்லை என்பதால் நேர் மோதல் அபாயம் குறைவு, தடுப்புக்கும் வேலையில்லை. எதிர்த்திசையில் போக வேண்டியவர்களுக்கு இணையான வேறு தெரு இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பல வகை வண்டிகள் தடக் கோட்டைப் பொருட்படுத்தாமல் கலந்தோடும் இந்தியத் தெருக்களில், ஒற்றைத் தடத்தைத் திருப்புவதைக் காட்டிலும் முழுத் தெருவையும் திருப்புவது நம்பத்தகுந்தது. பைக் ஓட்டுபவர் தலைக்கு மேல் எரியும் அம்பைப் பார்ப்பார் என்று நம்பித் திட்டமிடுவதைவிட, போக்குவரத்துக் காவலர் தெருமுனையை அடைத்து நிற்பது உறுதியானது.

எந்த வடிவமானாலும் இரு முனைகளில் என்ன நடக்கிறது என்பதை மறந்துவிடலாகாது. நான்கு தடங்களில் வேகமாக வந்த வண்டிகள் மூன்று தடச் சாலையில் போய் விழுந்தால் வரிசை பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இடம்பெயரும், அவ்வளவுதான். நெரிசலின் கழுத்து பாலமே என்று உறுதியானால் மட்டுமே திசை மாற்றம் பயன் தரும்.

இந்த ஏற்பாடு ஊரின் வடிவத்தை நம்பி இருக்கிறது என்பதைக் கலிபோர்னியாவின் கால்டெகாட் சுரங்கப் பாதையைப்போல் தெளிவாகக் காட்டிய இடம் வேறில்லை. ஓக்லாந்து மலையைக் குடைந்த அந்தப் பாதையில் 1937இல் இரண்டு குகைகள், 1964இல் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் இரண்டு தடங்கள். காலையில் நடுக்குகை மேற்கே ஓக்லாந்தை நோக்கித் திறக்கும், மாலையில் கிழக்கே. மலைக்கு அப்பால் வீடுகள் மட்டும் இருந்தவரை இது கச்சிதமாக நடந்தது. அங்கேயும் அலுவலகங்கள் பெருகியதும் எதிர்த்திசையிலும் வேலைக்குப் போகிறவர்கள் திரண்டார்கள். அவர்களுடைய நான்கு தடச் சாலை சுரங்க வாயிலில் இரண்டாகச் சுருங்கியது. சிறுபான்மைத் திசை சிறுபான்மையாக இல்லாமல் போனதும் திசை மாற்றமே நெரிசலுக்குக் காரணமாயிற்று. 2013 நவம்பரில் நான்காவது குகை திறந்ததும் திசை மாற்றம் நின்றது. வீடும் வேலையும் நகரெங்கும் கலந்து பரவும்போது 65 சதவீதக் கணக்கு உதிர்ந்துவிடும். அப்போது அந்தத் தடத்தை விட்டுவிடத் தயங்கக் கூடாது.

திசை மாறும் தடத்தின் மிகச் சிறந்த பயன் கார்களுக்கானது அன்று. நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க்குக்குப் போகும் லிங்கன் சுரங்கப் பாதையின் அணுகுசாலையில், 1970 டிசம்பர் முதல் வேலை நாட்களின் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை, எதிர்த்திசைத் தடங்களில் ஒன்றை எடுத்துப் பேருந்துகளுக்கு மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். நான்கு கிலோமீட்டர்தான் நீளம். கொரோனாத் தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு காலைப்பொழுதில் சுமார் 1,850 பேருந்துகளும் 70,000 பயணிகளும் அந்த ஒற்றைத் தடத்தில் போனார்கள். கார்கள் மட்டும் ஓடும் விரைவுச் சாலைத் தடம் ஒன்று மணிக்கு 2,000 கார்களைக் கடத்தினாலே பெரிது. நான்கு மணி நேரத்தில் 8,000 கார்கள், பெரும்பாலானவற்றில் ஓட்டுநர் ஒருவர் மட்டும். கடன் வாங்கிய தடத்தில் யாரை ஏற்றுவது என்ற கேள்விக்கு இந்த எண்களே தீர்ப்பு. வர்ஜீனியாவின் ஷர்லி நெடுஞ்சாலையில் 1969இல் பேருந்துக்கென்று தொடங்கிய திசை மாறும் தடத்திலும், மாட்ரிட்டின் ஏ-6 சாலையில் பேருந்துக்கும் ஆள் நிறைந்த காருக்கும் ஒதுக்கிய தடங்களிலும் பின்பற்றப்பட்டது இதே கொள்கைதான்.

லிங்கன் சுரங்கப் பாதையின் அந்தத் தடம் காலையில் மட்டுமே இருக்கிறது. மாலையில் அதே பயணிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும் பேருந்துகளுக்கு அங்கே எதிர்த்திசைத் தனித் தடம் கிடையாது.